கூலிங் சிஸ்டத்தில் ஏர் லாக்: ஹீட்டரை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

[காட்சி: பானட் திறந்த நிலையில் கார். இன்ஜின் இன்னும் ஸ்டார்ட் செய்யப்படவில்லை.]

வணக்கம். ரேடியேட்டர் ஹோஸையோ வாட்டர் பம்பையோ மாற்றிய பிறகு, அல்லது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிய பிறகு, அதுவரை ஒழுங்காக ஓடிய கார் சூடாகத் தொடங்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்ளே சிக்கியிருக்கும் காற்றைத்தான். மெக்கானிக்குகள் இதை ஏர் லாக் என்பார்கள். இதைக் கண்டறிய நம் ஊரில் பலர் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காத ஹீட்டரே போதும்.

வாட்டர் பம்ப் திரவத்தைத் தள்ளுவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் இறக்கைகளுக்கு இடையே காற்று புகுந்துவிட்டால் அது சுழன்றுகொண்டிருக்குமே தவிர, எதையும் தள்ளாது. சிலிண்டர் ஹெட்டை ஒட்டிக் காற்று நின்றுவிட்டால், அந்த இடத்தின் வெப்பத்தைக் கூலன்ட் எடுத்துச் செல்ல முடியாமல் உலோகம் வளையும் அளவுக்குச் சூடாகலாம். டெம்பரேச்சர் சென்சாரும் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். அதன் முனை காற்றில் நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதுகூட டேஷ்போர்டில் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவிலேயே நிற்கலாம். ஆகவே முள்ளை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

[காட்சி: டேஷ்போர்டு, ஏசி குமிழ்.]

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் கோர் என்ற சிறிய ரேடியேட்டர் இருக்கிறது. பல கார்களில் அது கூலிங் சிஸ்டத்தின் உயரமான இடங்களில் ஒன்று என்பதால், மேலே ஏறும் காற்று அங்கே போய்த் தங்கிவிடுகிறது. குளிர் நாடுகளில் ஹீட்டரில் குளிர்காற்று வந்த அன்றே ஓட்டுநருக்குக் கோளாறு தெரிந்துவிடும். ஆண்டு முழுவதும் ஏசியிலேயே ஓட்டும் நமக்கு அந்த எச்சரிக்கை கண்ணில் படுவதே இல்லை. ஹோஸ் மாற்றிய மறுநாள் ஊட்டிக்குக் கிளம்பிய கார் ஒன்றில் நானும் இருந்தேன். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. வண்டியை ஓரம் கட்டி ஹீட்டரைப் போட்டபோது குளிர்ந்த காற்றுதான் வந்தது. கூடவே டேஷ்போர்டுக்குள்ளிருந்து, குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் இறங்குவதுபோல் களக் களக் என்ற சத்தமும் கேட்டது.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட் செய்து முள் வழக்கமான இடத்துக்கு வரும்வரை காத்திருங்கள். ஏசியை அணைத்து, குமிழைச் சிவப்புப் பக்கம் முழுவதுமாகத் திருப்புங்கள். ஐடிலிங்கில் குளிர்காற்றும், ரேஸ் கொடுக்கும்போது சூடான காற்றும் வந்து, ரேஸைக் குறைத்ததும் மறுபடி குளிர்ந்தால், காற்று சிக்கியிருக்கிறது அல்லது கூலன்ட் குறைவாக இருக்கிறது என்று கருதலாம். தேய்ந்துபோன வாட்டர் பம்பும் இதே அறிகுறியைக் காட்டும். ஆனால் களக் களக் சத்தம் சேர்ந்தால் சந்தேகம் காற்றின் மேல்தான் வலுக்கிறது.

[காட்சி: இன்ஜினுக்குப் பின்னால் தடுப்புச் சுவருக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்கள், அருகில்.]

அடுத்து, ஹீட்டர் கோருக்குப் போய்வரும், கட்டைவிரல் பருமனுள்ள இந்த இரண்டு ஹோஸ்களையும், பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கையை விலக்கி, லேசாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தும் உள்ளே குளிர்காற்று வந்தால், கோளாறு காற்றைத் திருப்பிவிடும் மடலில் இருக்கக்கூடும். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், கோருக்குள் ஓட்டம் நின்றிருக்கிறது. அது சேறு அடைத்ததாலும் இருக்கலாம், ஆனால் அடைப்பு சத்தம் போடாது. முள்ளே மேலே ஏறாமல் ஹீட்டர் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். ஒழுகும் ஹீட்டர் கோரை மாற்றாமல், இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்துவிட்ட பழைய கார்களில் இந்தச் சோதனை பயன்படாது.

ரிசர்வ் டேங்க் நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். ரேடியேட்டருக்குத் தனி மூடி உள்ள கார்களில், இன்ஜின் குளிரும்போது டேங்கிலிருந்து கூலன்ட் ரேடியேட்டருக்குத் திரும்ப வேண்டும். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் கூலன்ட்டுக்குப் பதில் காற்று உள்ளே போகும். டேங்க் நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வரும். ஆகவே ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள், ஆனால் இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு மட்டுமே. சூடான சிஸ்டத்தில் கூலன்ட் அழுத்தத்தால்தான் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே அது கொதித்து முகத்தில் பீறிடும்.

[காட்சி: புனலில் மேலெழும் குமிழிகள்.]

காற்றை வெளியேற்ற, சரிவில் காரின் முகப்பு உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து, அந்த வாயில் புனலைப் பொருத்திக் கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினை ஐடிலிங்கில் ஓட விடுங்கள். பிளீட் ஸ்க்ரூ என்ற, காற்றை வெளியேற்றும் திருகு உள்ள கார்களில் குமிழியில்லாமல் கூலன்ட் வரும்வரை அதைச் சற்றுத் தளர்த்த வேண்டும். 82 முதல் 90 டிகிரிக்குள் பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் திறக்கும். அப்போது புனலில் அளவு சட்டென்று இறங்கும், அதை நிரப்புங்கள். பெரிய குமிழிகள் சிறுத்து நின்றுபோக வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகினால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டின் வழியே, எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வாயு பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் இருக்கிறது. அதைக் கொண்டு சோதிக்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளவைப் பாருங்கள். முதல் நாள் சற்றுக் குறைந்திருப்பது இயல்பு. மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கும். மூன்றாம் நாளும் குறைந்தால், கூலன்ட் எங்கோ ஒழுகுகிறது. அந்த ஒழுக்கைச் சரிசெய்யும்வரை மலைப்பாதையில் காரை எடுக்காதீர்கள்.