மரம் முதலில் சொன்னது

அனைவருக்கும் வணக்கம்.

கலிபோர்னியாவில் மம்மத் மலை என்று ஓர் எரிமலை இருக்கிறது. அது கடைசியாகப் பெரிதாக வெடித்து ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று அங்கே பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள்தான் அதிகம். 1989-ல் அந்த மலைக்கு அடியில் பல மாதங்கள் சிறுசிறு நிலநடுக்கங்கள் வந்தன. அப்புறம் அடங்கிவிட்டன. அடுத்த ஆண்டிலிருந்து, மலையடிவாரத்திலுள்ள ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில் மரங்கள் பட்டுப்போகத் தொடங்கின.

வறட்சி என்றார்கள், வண்டு அரிக்கிறது என்றார்கள். ஆனால் இளமரம், முதுமரம் என்ற பேதமில்லாமல் எல்லாம் செத்தன. 1994-ல் மண்ணுக்குள் இருந்த காற்றை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சாதாரண மண்ணில் ஒரு சதவீதம் அளவுக்கு இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, அங்கே சில இடங்களில் 90 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. இலைக்குத்தான் அந்த வாயு உணவு. வேருக்கு நம்மைப் போலவே ஆக்சிஜன் வேண்டும். வேர் மூச்சு முட்டிச் செத்தது. நூறு ஏக்கருக்கும் மேல் காடு போயிற்று.

அடியில் என்ன நடந்தது? பாறைக்குழம்பு, அதாவது மாக்மா, ஆழத்தில் கொஞ்சம் மேலேறி வந்திருக்கிறது. அழுத்தம் குறையக் குறைய, சோடா புட்டியைத் திறந்ததுபோல, அதில் கரைந்திருந்த வாயு பிரிகிறது. நிலநடுக்கங்கள் திறந்துவிட்ட விரிசல்களில் ஏறி, கடைசியில் மண்துகள்களுக்கு நடுவே பரவி வெளியேறுகிறது. மேலே நிற்பவருக்குப் புகையும் தெரியாது, வாசனையும் வராது.

இதை அளக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அடிப்பக்கம் திறந்த ஒரு பாத்திரத்தை மண்ணில் கவிழ்த்து, காற்றுப் போகாமல் அழுத்தி வைக்கிறார்கள். அதிலிருந்து ஒரு குழாய் கையிலுள்ள கருவிக்குப் போகிறது. உள்ளே சேரும் கார்பன் டை ஆக்சைடின் அளவைக் காட்டும் எண் ஏறுகிறது. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் அந்த மண் வாயுவை வெளிவிடும் வேகம். பத்தடி தள்ளி வைத்தால் கதை மாறிவிடும், ஆகவே ஏரிக்கரை முழுக்கக் கட்டம் கட்டமாக நடந்து, குனிந்து, அழுத்தி, எழுந்து, மறுபடி நடக்க வேண்டும். அதே இடங்களுக்கு ஆண்டுதோறும் திரும்பி வர வேண்டும்.

மரமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சாதாரணக் காற்றிலுள்ள கார்பனில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை சிறிதளவு உண்டு; எரிமலையிலிருந்து வரும் கார்பனில் அது கிடையாது. எரிமலைக் கார்பனை இலை வழியாக எடுத்துக்கொண்ட மரத்தின் ஆண்டு வளையங்களில் கார்பன்-14 குறைந்து காணப்படும். வளையம் வளையமாகச் சோதித்தால் எந்த ஆண்டில் கசிவு கூடியது என்று தெரிந்துவிடும். செத்த மரம் கொடுக்கும் சாட்சி இது.

சரி, மனிதர்களுக்கு என்ன ஆபத்து? இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. காற்று வீசும் திறந்தவெளியில் கலைந்துபோகும். குழியிலும், நிலவறையிலும், பனிக்குள் புதைந்த குடிலிலும் தண்ணீர்போலத் தேங்கும். காற்றில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் நினைவு தப்பும், முப்பதை நெருங்கினால் சில மூச்சுகள்தான். நேப்பிள்ஸ் அருகே நாய்க்குகை என்றே ஒரு குகை உண்டு. உள்ளே போகும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, கூட வரும் நாய் மயங்கி விழும். பார்க்க வருபவர்களுக்காக வேண்டுமென்றே நாயை இழுத்துப் போய்க் காட்டியிருக்கிறார்கள். அந்த நாய்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. நம் முழங்கால் உயரம், அதற்கு மூக்கு உயரம்.

கிழக்குக் காங்கோவில் கோமா நகரைச் சுற்றி இப்படித் தேங்கும் பள்ளங்களுக்கு 'மசுக்கு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் மக்களின் வாய்மொழியில் அந்தப் பெயர் வாழ்வதே ஒரு பாதுகாப்பு. இந்தோனேசியாவின் டியெங் எரிமலைப் பீடபூமியில் 1979-ல் நீராவி வெடிப்புக்குப் பயந்து ஓடிய மக்கள், வாயு தேங்கியிருந்த தாழ்நிலத்துக்குள் போய் விழுந்தார்கள். 140 பேருக்கு மேல் இறந்தார்கள்.

வாயு வருகிறது என்றாலே மலை வெடிக்கப்போகிறது என்று பொருளில்லை. மம்மத் மலை பல பத்தாண்டுகளாகக் கசிந்துகொண்டிருக்கிறது, வெடிக்கவில்லை. ஆனால் அதே மலையில் 2006 ஏப்ரலில், வாயுத் துளை ஒன்றைச் சுற்றி வேலி போடச் சென்ற பனிச்சறுக்குப் பாதுகாவலர்களின் காலடியில் பனி உடைந்தது. இருவர் குழிக்குள் விழுந்தார்கள். அவர்களைத் தூக்க இறங்கிய மூன்றாமவரும் திரும்பவில்லை. இப்படிப்பட்ட குழிக்குள் ஒருவர் அசையாமல் கிடப்பதைப் பார்த்தால், சுவாசக் கருவி இல்லாமல் இறங்காதீர்கள். மேலே நின்று சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.