வரி இடைவெளியால் போன மானியம்! அமெரிக்காவில் விண்ணப்பம் எழுதுவதே ஒரு வேலை, தெரியுமா?

(திரையில்: வெள்ளைத் தாளில் இரண்டு வரிகள், நடுவே ஒரு ஸ்கேல்)

65 பக்க விண்ணப்பம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார் செய்யப் பணம் கேட்டு எழுதியது. மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் நிராகரித்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? உள்ளே இருந்த விளக்கப்படங்களில் வரி இடைவெளி ஒன்றரை. இரண்டு இருந்திருக்க வேண்டுமாம்!

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2017-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பிரெஸ்க் ஐல் ஊரில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு நடந்தது இது. அவர்கள் கேட்டது 'அப்வர்ட் பவுண்ட்' என்ற மத்திய அரசுத் திட்டத்தின் பணம். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளைகளுக்காக 1960களில் இருந்து நடக்கும் திட்டம். எழுத்து முழுக்க இரட்டை இடைவெளியில் இருக்க வேண்டும் என்பது கல்வித்துறை போட்ட விதி. விண்ணப்பமும் அப்படித்தான் இருந்தது, இரண்டு பக்கங்களில் இருந்த விளக்கப்படங்களைத் தவிர. அவ்வளவுதான், கதை முடிந்தது.

ஒஹாயோவின் விட்டன்பர்க் பல்கலைக்கழகம் உட்பட வேறு சில இடங்களுக்கும் இதே மாதிரி கடிதம் போனது. மெய்ன் செனட்டர் சூசன் காலின்ஸ் களத்தில் இறங்கினார், பத்திரிகைகள் கிண்டலடித்தன. வெறும் வடிவக் குறைக்காக இனி யாரையும் தள்ளாதீர்கள் என்று அன்றைய கல்வி அமைச்சர் பெட்ஸி டிவோஸ் தன் துறைக்கே சொல்ல வேண்டி வந்தது. தள்ளிய விண்ணப்பங்களையும் மறுபடி எடுத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால் அது அசட்டுத்தனம்தான். ஆனால் அங்கே இந்த ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவதற்கென்றே ஒருவர் சம்பளம் வாங்குகிறார். மானிய விண்ணப்பமும் ஒப்பந்த அறிக்கையும் எழுதும் தொழில்நுட்ப எழுத்தாளர். இன்றைய வீடியோ அவரைப் பற்றித்தான். ஆங்கிலம் நன்றாக எழுதுவேன், இந்த வேலை எனக்குச் சரிப்படுமா என்று யோசிப்பவர்கள் கடைசி வரை பாருங்கள்.

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். அரசு ஒரு நல்ல காரியத்துக்கு உதவியாகத் தருவது மானியம். தனக்கு வேண்டிய பொருளையோ சேவையையோ காசு கொடுத்து வாங்குவது ஒப்பந்தம். 1978-இல் சட்டம் போட்டே இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சரி, சுவையான இடத்துக்குப் போவோம்.

(திரையில்: ஒற்றைத் தாள்)

மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்ஐஹெச். அங்கே போகும் பெரும்பாலான விண்ணப்பங்களின் உயிர் ஒரு பக்கத்தில் இருக்கிறது. 'ஸ்பெசிஃபிக் எய்ம்ஸ்' என்று பெயர். என்ன பிரச்சினை, எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம், எப்படி, ஏன் நாங்கள் என்று எல்லாம் அந்த ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஆர்01 என்ற அவர்களுடைய முக்கிய மானியத்தில் ஆராய்ச்சித் திட்டத்துக்கு 12 பக்கம்தான். எழுத்து 11 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது, ஓரம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஓர் அங்குல உயரத்தில் ஆறு வரிக்கு மேல் போகக் கூடாது. எழுத்தை நெருக்கிப் போட்டு ஏமாற்றவும் வழியில்லை, ஓர் அங்குல அகலத்தில் 15 எழுத்துதான்! இவ்வளவு தூரம் யோசித்து விதி எழுதியவர், அதற்கு முன்னால் எத்தனை தில்லாலங்கடிகளைப் பார்த்திருப்பார்?

திட்டத்துக்குள் இணைய இணைப்பும் போடக் கூடாது. இணைப்பு கொடுத்தால் 12 பக்கத்தை 120 பக்கமாக்கிவிடலாம். அதோடு, யார் சொடுக்கினார்கள் என்று பார்த்து, ரகசியமாக இருக்க வேண்டிய மதிப்பீட்டாளரையும் மோப்பம் பிடித்துவிடலாம். இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

மதிப்பெண்ணில் இன்னொரு வேடிக்கை. 1 முதல் 9 வரை போடுவார்கள், ஆனால் 1 தான் உச்சம். நம் பள்ளிக்கூட ரேங்க் மாதிரி, எண் ஏற ஏற வீட்டில் அடி. ஒரு விண்ணப்பத்தை ஊன்றிப் படிப்பவர்கள் வழக்கமாக மூன்று பேர். குழுவில் மற்றவர்கள் அந்த முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தாலே பெரிய விஷயம். அவர்களும் விஞ்ஞானிகள்தான், சொந்த ஆய்வை வைத்துக்கொண்டு இரவில் இதைப் படிக்கிறார்கள். அதனால் எழுத்தாளரின் திறமை அழகான நடையில் இல்லை. களைத்த கண் தேடுகிற இடத்தில் தேடுகிற விஷயத்தை வைப்பதில் இருக்கிறது. கவிதை மனசோடு வருபவர்கள் முதல் வாரத்திலேயே நொந்துபோவார்கள், சொல்லிவிட்டேன்.

ஒப்பந்தப் பக்கம் இன்னும் கறார். அரசு வெளியிடும் டெண்டர் ஆவணத்தில் 'எல்' பிரிவு எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 'எம்' பிரிவு எதற்கு மதிப்பு கொடுப்பார்கள் என்று சொல்லும். எழுத்தாளர் முதலில் செய்வது எழுதுவது அல்ல, அட்டவணை போடுவது. அவர்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, நம் பதில் எந்தப் பக்கத்தில் என்று எதிரே ஒரு கட்டம். அப்புறம் வண்ண வண்ணமாகக் குழுக்கள்! பிங்க் டீம் முதல் வரைவைப் பார்க்கும். ரெட் டீம் அரசு அதிகாரியாகத் தன்னை நினைத்துக்கொண்டு கிழித்துத் தொங்கவிடும். கோல்ட் டீம் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துக்கு விடும். ரெட் டீம் முடிந்த மாலையில் எழுத்தாளரிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஒப்பந்தம் கிடைத்த பிறகு வரும் மாத அறிக்கை, காலாண்டு அறிக்கை, இறுதி அறிக்கை எல்லாம் நேரத்துக்குப் போக வேண்டும். பல ஒப்பந்தங்களில் பணம் வருவதே அதை வைத்துத்தான்.

சரி, காசு விஷயம். 'மானியம் கிடைத்தால் பத்து சதவீதம் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். அமெரிக்க மானிய எழுத்தாளர் சங்கத்தின் நெறிமுறையே அதைத் தடுக்கிறது. மணிக்கணக்கில் வாங்கலாம், வேலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்கலாம். ஜெயித்தாலும் தோற்றாலும் உழைப்பு ஒன்றுதானே?

ஏஐ வந்துவிட்டதே, இந்த வேலை இருக்குமா என்று கேட்பீர்கள். சிலர் ஒரே சுற்றில் 40-க்கும் மேல் விண்ணப்பம் அனுப்பியதைப் பார்த்து என்ஐஹெச் மிரண்டுபோனது. 2025-இல் ஓர் ஆராய்ச்சியாளருக்கு ஆண்டுக்கு ஆறு விண்ணப்பம்தான் என்று வரம்பு போட்டது. பெரும்பகுதி ஏஐ உருவாக்கிய விண்ணப்பத்தைச் சொந்தச் சிந்தனையாக ஏற்க மாட்டோம் என்றும் அறிவித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறே வாய்ப்புதான் என்றால் ஒவ்வொன்றையும் நல்ல கையில் கொடுக்கத்தான் ஆள் தேடுவார்கள். இது என் ஊகம்தான், மறுப்பவர்கள் கமென்ட்டில் வாருங்கள், சண்டை போடலாம்.

ஒரு பக்க 'எய்ம்ஸ்' எழுதுவது எப்படி என்று வரிவரியாக ஒரு வீடியோ போடட்டுமா? வேண்டும் என்பவர்கள் லைக் போட்டுவிட்டு, நீங்கள் எந்தத் துறை என்பதையும் கமென்ட்டில் எழுதுங்கள், அந்தத் துறையிலிருந்தே உதாரணம் எடுக்கிறேன்.