சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?

(குடியாத்தத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

"உடம்புதான் சரியாகிவிட்டதே டாக்டரம்மா, இன்னும் எதற்கு மாத்திரை?" லூபஸ், அதாவது நம் எதிர்ப்பு சக்தியே நம் உடம்பைத் தாக்குகிற நோய், அதனால் சிறுநீரகம் கெட்ட பெண்களின் அம்மாக்கள் கேட்பது இது. லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் இளவயதில். வெளியே கூட்டம் காத்திருக்கும்; ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். அது எனக்கே உறுத்தும். இன்று நிதானமாகச் சொல்கிறேன்.

கோடையில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்டவர்கள் இங்கே இருப்பீர்கள். மணல் வடித்த தண்ணீர் எவ்வளவு தெளிவு! ஒவ்வொரு சிறுநீரகத்திலும் அப்படி ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள். லூபஸில் அவற்றில் சேறு படிகிறது.

அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது? நம் உடம்பில் தினமும் செல்கள் சாகின்றன. அந்தக் குப்பையை வாரி விழுங்க வேறு செல்கள் உண்டு. லூபஸில் குப்பை தேங்குகிறது. அதில் கிடக்கும் நம் டி.என்.ஏ.வையே, எதிர்ப்பு சக்திக்கான பி செல்கள் அந்நியமென்று எடுத்துக்கொள்கின்றன. டி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல்கள் அவற்றைத் தூண்டிவிடுகின்றன. பி செல் முதிர்ந்து பிளாஸ்மா செல்லாகி, அந்நியப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் சுரக்கிறது. டி.என்.ஏ.வும் ஆன்டிபாடியும் ஒட்டிக்கொண்டு வடிகட்டியில் படிகின்றன. உடனே நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் ஓடிவந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ரசாயனத்தை அங்கே கொட்டுகின்றன. அங்கே கிருமியே இல்லை. புண்ணாவது வடிகட்டிதான். புரதம் ஒழுகிச் சிறுநீர் நுரைக்கிறது, கால் வீங்குகிறது.

ஸ்டீராய்டு இந்தக் கொதிப்பைச் சில வாரங்களில் தணிக்கும். வீக்கம் வடியும். அம்மா பார்ப்பது அதைத்தான். ஆனால் எலும்பு மஜ்ஜையில் சில பிளாஸ்மா செல்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அவை பெருகுவதில்லை; பெருகும் செல்களைத் தாக்குகிற மருந்துக்கு எளிதில் அகப்படுவதும் இல்லை. ரிட்டுக்ஸிமாப் ஊசி பி செல்லின் மேலுள்ள சிடி20 என்ற அடையாளத்தைத் தேடிப் போய் அந்தச் செல்லை அழிக்கும். பிளாஸ்மா செல்லிடம் அந்த அடையாளமே கிடையாது. மருந்தை நிறுத்தினால் நோய் மறுபடி தலைதூக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெர்மனியின் எர்லாங்கனில் ஐந்து லூபஸ் நோயாளிகளின் டி செல்களையே எடுத்து, பி செல்களை அழிக்கும்படி மாற்றி மீண்டும் செலுத்தினார்கள். ஐவருக்கும் நோய் அடங்கியது. 2022இல் அது வெளியானது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை. ஆனால் அது நம் மருந்துக்கடைக்கு வந்துவிடவில்லை.

இந்தியாவில் சிறுநீரக மாற்று முதன்முதலில் வெற்றி பெற்றது 1971இல், நம் வேலூர் சி.எம்.சி.யில். நமக்குப் பெருமைதான். ஆனாலும் இருபது வயதுப் பெண் அந்த மேசைவரை போகக் கூடாது என்பதே என் ஆசை.

ஸ்டீராய்டால் முகம் உப்பிவிட்டது, பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாத்திரையை ஒளித்துவைக்கிற பிள்ளைகளே, எங்களிடம் சொல்லுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைக்க வழி பார்ப்போம். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நலமாக இருக்கும்போதும் சிறுநீரில் புரதம் பார்க்க வாருங்கள்.

மேடையில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் வாருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.