இல்லம் கடைசி வழியாகவே இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

அப்பா இறந்துவிட்டார். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். பாட்டிக்கு முன்னைப்போல முடியவில்லை. இப்படி ஒரு வீட்டைப் பார்த்தால் அக்கம்பக்கத்தில் நல்ல மனதோடுதான் சொல்வார்கள்: "பையனை ஹோம்ல சேர்த்துடும்மா. சாப்பாடு, துணிமணி, படிப்பு எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க."

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. குழந்தைகளைப் பற்றி அரசு அமைப்புகள் எந்த முடிவு எடுத்தாலும் மனதில் வைக்க வேண்டிய 16 கொள்கைகளை அதன் 3ஆவது பிரிவு சொல்கிறது. கண்ணியம், சமத்துவம், அந்தரங்கம் என்று எல்லாமே முக்கியம்தான். நான் இரண்டைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு உரியது. உரிய விசாரணைக்குப் பிறகு, வேறு வழியே இல்லை என்றால்தான் இல்லம், அதாவது அந்த ஹோம்.

வீட்டிலேயே அடியும் ஆபத்தும் இருக்கும் பிள்ளைகளுக்கு இல்லம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பணம் இல்லை என்பது ஒரு பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிக்கக் காரணமாகவே கூடாது. இல்லத்தில் மூன்று வேளையும் சோறு கிடைக்கும். ராத்திரி காய்ச்சல் வந்தால் நெற்றியில் கைவைத்துப் பார்க்க அம்மா இருக்க மாட்டார்.

பணம்தான் பிரச்சினை என்றால் அதற்கு நிதி ஆதரவு உண்டு. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. கணவரை இழந்தவர்கள், கணவர் கைவிட்டவர்கள், பெற்றோர் கடும் நோயில் படுத்துவிட்ட வீடுகள், தாய் தந்தை இல்லாமல் உறவினரிடம் வளரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கலாம்.

ஆனால் தினக்கூலிக்குப் போகிற ஒரு அம்மா வருமானச் சான்றிதழுக்கு ஒரு நாள், இறப்புச் சான்றிதழுக்கு ஒரு நாள், வங்கிக் கணக்கு தொடங்க இன்னொரு நாள் என்று அலைந்தால் அத்தனை நாள் கூலியும் போச்சு. பாதியில் விட்டுவிடுகிறார். அப்புறம் இல்லம்தான் சுலபமான வழியாகத் தெரிகிறது. அந்த அலைச்சலைக் குறைப்பதும் குழந்தை நலப் பணிதான் என்பேன். கிராம நிர்வாக அலுவலர், பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், யாராவது ஒருவர் அந்த அம்மாவோடு உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று. பிள்ளையிடமும் கேளுங்கள். தன்னைப் பற்றிய முடிவில் அவனுடைய கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் அந்தப் பதினாறில் ஒன்று. அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும்போது கேட்டால் "சரி, போறேன்" என்றுதான் சொல்வான். தனியாக உட்காரவைத்து, அவசரப்படாமல் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தை உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள்.