முன்னாடி ஸ்பிரிங்ஸ்டீன், பின்னாடி மேக்ஸ் வைன்பெர்க்: ஒரு டிரம்மரோட வேலை என்ன?

வணக்கம் மக்களே. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன உங்கள்ல நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், அமெரிக்காவுல நியூ ஜெர்சிக்காரர், 70கள்ல இருந்து பாடிக்கிட்டு இருக்கார், இன்னைக்கும் ஸ்டேடியத்த நிரப்புற பாட்டுக்காரர். இந்த வீடியோ அவருக்குப் பின்னாடி ஒக்காந்து டிரம்ஸ் வாசிக்கிற மேக்ஸ் வைன்பெர்க் பத்தினது. ஒரு பெரிய பாடகருக்கு வாசிக்கிற டிரம்மருக்கு கைய விட கண்ணுதான் முக்கியம்னு நான் ரொம்ப நாளா நம்புறேன், அது ஏன்னு இவர் கதையில தெரியும்.

1974. மேக்ஸுக்கு 23 வயசு, காலேஜ் படிப்பு ஒரு பக்கம், நியூயார்க் பிராட்வே நாடகத்துக்கு டிரம்ஸ் வாசிக்கிறது ஒரு பக்கம். அப்போ விலேஜ் வாய்ஸ் பத்திரிகையில ஸ்பிரிங்ஸ்டீனோட பேண்டுக்கு டிரம்மர் தேவைன்னு ஒரு விளம்பரம் வருது, அதுலயே குட்டி ஜிஞ்சர் பேக்கருங்க யாரும் வர வேணாம்னு போட்டுட்டாங்க. ஜிஞ்சர் பேக்கர் யாருன்னா க்ரீம் பேண்டோட டிரம்மர், நீள நீளமா சோலோ வாசிச்சு பேர் வாங்குனவர். அதாவது எங்களுக்கு வித்தை காட்டுற ஆள் வேணாம், பாட்டுக்கு வாசிக்கிற ஆள் வேணும்னு அர்த்தம். மேக்ஸ் கொஞ்சமா டிரம்ஸ எடுத்துக்கிட்டு ஆடிஷனுக்குப் போனார், வேலை கெடச்சுது, சம்பளம் வாரத்துக்கு 110 டாலர்.

அடுத்த வருஷம் பார்ன் டு ரன் ஆல்பம் வந்து ஸ்பிரிங்ஸ்டீன் எங்கயோ போயிட்டார். ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த ஆல்பத்துல அதே பேர்ல இருக்குற பாட்டுல வாசிச்சது மேக்ஸ் இல்ல, அவருக்கு முன்னாடி இருந்த எர்னஸ்ட் கார்ட்டர். அத ரெக்கார்ட் பண்ணிட்டு அவர் பேண்ட விட்டுப் போயிட்டார், அந்தப் பாட்ட காலம் பூரா மேடையில வாசிக்கிற பொறுப்பு மேக்ஸுக்கு வந்துச்சு.

[ஸ்க்ரீன்ல: டிரம் செட் படம், ஸ்நேர் மேல வட்டம்]

இப்போ வேலை எப்படி நடக்குதுன்னு பாப்போம். அவரோட செட் சின்னது, கால்ல மிதிச்சு அடிக்கிற பெரிய பேஸ் டிரம் ஒண்ணு, பட்டுன்னு சத்தம் வர்ற ஸ்நேர் டிரம் ஒண்ணு, டாம்னு சொல்ற மத்த டிரம் ரெண்டு மூணு, தட்டு மாதிரி சிம்பல்கள், அவ்ளோதான். நாலு எண்ணிக்கையில ரெண்டாவதுக்கும் நாலாவதுக்கும் ஸ்நேர்ல ஓங்கி ஒரு அடி, ராக் பாட்டோட முதுகெலும்பே அதுதான். கஷ்டம் எங்கன்னா, ஸ்பிரிங்ஸ்டீன் மேடையில எழுதி வச்ச லிஸ்ட்படி போக மாட்டார், கூட்டத்துல யாராச்சும் அட்டையில பாட்டு பேர் எழுதித் தூக்கிக் காட்டுனா அத வாங்கி உடனே அதையே ஆரம்பிப்பார், நடுவுல நிறுத்தி பேசுவார், திடீர்னு கைய தூக்குவார், அந்தக் கை எறங்குற நொடியில டிரம்ஸ் விழுந்தாகணும். அதனால மேக்ஸ் ஷோ முழுக்க அவரோட முதுகு, தோள், கை இதையேதான் பாத்துக்கிட்டு இருப்பார்.

இதுக்கு சாட்சி வேணும்னா பார்ன் இன் தி யுஎஸ்ஏ பாட்டோட கடைசி பகுதி. 1982ல நியூயார்க் ஸ்டுடியோவுல எல்லாரும் ஒண்ணா நின்னு வாசிச்சு எடுத்தது. பாட்டு முடியுற மாதிரி இருக்கும், அப்புறம் டிரம்ஸ் மட்டும் வெடிச்சுக்கிட்டு வெளிய வரும், அது முன்னாடியே எழுதி வச்சது இல்ல, அந்த எடத்துல ப்ரூஸ் காட்டுன சைகைய மேக்ஸ் பிடிச்சதால நடந்தது. என்னைக் கேட்டா அவர் வாழ்க்கையில வாசிச்சதுலயே சிறந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இதுக்கெல்லாம் ஒடம்பு விலை குடுத்துச்சு. மணிக்கணக்கா ஓங்கி அடிச்சு அடிச்சு கை தசைநாண்ல வீக்கம், கையிலயும் மணிக்கட்டுலயும் ஏழு ஆபரேஷன். அப்புறம் ஜாஸ் டிரம்மர் ஜோ மொரெல்லோ கிட்ட போய் படிச்சார், பேரும் புகழும் வந்ததுக்கு அப்புறம் மறுபடி மாணவனா ஒக்காந்த அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1988ல ஹியூமன் ரைட்ஸ் நவ் டூர்ல இந்த பேண்ட் டெல்லிக்குக் கூட வந்து வாசிச்சுட்டுப் போச்சு. மறு வருஷம் 1989ல ஒரு ஃபோன், இனிமே இந்த பேண்ட் வேணாம்னு ஸ்பிரிங்ஸ்டீன் எல்லாருக்கும் சொல்லிட்டார். 15 வருஷ வேலை முடிஞ்சுது. பாடகர் பேர்ல ஓடுற பேண்ட்ல நீங்க எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் முடிவு உங்க கையில இல்ல, இது எனக்கு இன்னமும் வலிக்கிற விஷயம். மேக்ஸ் சட்டம் படிக்கப் போய்ப் பாத்தார், அது ஒத்துவரல. 1993ல நியூயார்க் தெருவுல காமெடியன் கோனன் ஓ'பிரையன எதேச்சையா பாத்துப் பேசுனார், அந்தப் பேச்சு ஆடிஷனாகி, அவரோட ராத்திரி டிவி ஷோவுல சொந்தமா ஏழு பேர் பேண்டோட தலைவர் ஆயிட்டார். ஸ்விங், ஜாஸ், ராக்னு எதையும் கொஞ்ச நேரத்துக்குள்ள வாசிச்சு விளம்பரத்துக்கு விடணும், அங்கயும் அதே கண்ணு வேலைதான்.

1999ல பழைய பேண்ட் மறுபடி சேந்துச்சு, டிவி வேலைக்கு லீவ் போட்டுப் போட்டு டூர் போனார். 2009ல ரெண்டையும் சமாளிக்க முடியாத தேதிகள்ல அவர் பையன் ஜே அப்பா எடத்துல ஒக்காந்து வாசிச்சான், அப்போ அவனுக்கு 20 வயசு கூட ஆகல, பின்னாடி ஸ்லிப்நாட்ங்கிற பெரிய மெட்டல் பேண்டுக்கே டிரம்மர் ஆனான். 2010ல மேக்ஸுக்கு இதய ஆபரேஷன் நடந்துச்சு. அதுக்கு அப்புறம் 2012ல பின்லாந்து ஹெல்சிங்கில ஸ்பிரிங்ஸ்டீனோட ரொம்ப நீளமான ஷோ, நாலு மணி நேரத்துக்கும் மேல, 61 வயசுல அவ்ளோ நேரமும் அந்த முதுகையே பாத்துக்கிட்டு வாசிச்சார்.