வானோடியின் வானும் எங்கள் வானும்

(வவுனியா மாவட்டக் கிராமம் ஒன்றின் வாசிகசாலையில் ஆற்றிய உரை)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நேரத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, சிறுகுளங்களையும் கமத்தையும் பார்க்கும் கமநல சேவை நிலையத்திலிருந்து வந்திருக்கும் ஐயா அவர்களே (உங்களோடு எனக்கொரு அலுவல் இருக்கிறது, பிறகு வருகிறேன்), கிராம அலுவலர் தங்கச்சி, ஒலிபெருக்கி தந்த கோயில் தர்மகர்த்தா அவர்களே, கனடாவிலிருந்து அப்பப்பாவின் படத்தோடு வந்திருக்கும் பிள்ளைகளே, தாய்மாரே, வணக்கம். யாரையும் விட்டிருந்தால் பொறுத்தருள்க. போன கூட்டத்தில் ஒருவரை விட்டதற்கு அவர் இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

மூன்று விடயம் பேசப்போகிறேன். வவுனியாவிலிருந்து பறந்தவர்கள், அவர்களிடம் வேலை செய்த எங்கள் ஆட்கள், விமானத்துக்குக் கீழே இருந்த நாங்கள்.

“உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது.” நான் பிளேன் ஓட்டப்போகிறேன் என்று சின்ன வயதில் சொன்னபோது அம்மா சொன்ன பதில் இது. அன்றிலிருந்து இந்தப் பழமொழியோடு எனக்கு வழக்கு.

1942 ஏப்ரல் 5 இல் ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9 இல் திருகோணமலையை. கனடாப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அந்த விமானங்களைச் சுமந்துவந்த ஜப்பான் கப்பற்படையை 4 ஆம் திகதியே ‘கற்றலீனா’ என்ற கடற்காவல் விமானத்திலிருந்து கண்டு அறிவித்தவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடியர். சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அதன் பிறகு பிரித்தானிய விமானப்படையின் 22 ஆம், 217 ஆம் இலக்கப் படையணிகள் போஃபோர்ட் விமானங்களோடு எங்கள் வவுனியாவிலும் இருந்தன. இரண்டு இயந்திரம், நான்கு பேர், வயிற்றில் கப்பலை உடைக்கும் டோர்ப்பிடோ.

அப்படிப் பறந்த ஒருவரை நான் கண்டிருக்கிறேன். 1981. நான் வாத்தியாராகிப் புதிது. பள்ளிக்கூட வாசலில் ஒரு மொறிஸ் மைனர் வாடகைக் கார். உள்ளே ஒரு வெள்ளைக்காரக் கிழவர், மனைவி. இங்கிலிஸ் தெரிந்தவன் நான்தான் என்று யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது இலக்கணம், அதுவும் கடந்தகாலம் மட்டும். நல்லகாலம், அவர் கதைத்ததும் கடந்தகாலம்தான்.

ஓடுபாதையைத் தெருவில் நின்று ஒரு தரம் பார்த்தார், போதும் என்றார். அவருக்கு வேண்டியது ஒரு குளம். சிகரெட் பெட்டியைக் கிழித்து அரிவாள் மாதிரி ஒரு கோடு போட்டு, நுனியில் ஒரு பாறையைக் கீறிக் காட்டினார். கடலிலிருந்து திரும்பினால் கீழே ஒரே காடாம். மாரியில் குளங்கள் மினுங்குமாம். அந்த அரிவாளைக் கண்டால் நாலு பேரும் சேர்ந்து கத்துவார்களாம். “என் பெயரைவிட இந்தக் குளத்தைப் பற்றித்தான் வீட்டில் அதிகம் கேட்டிருக்கிறேன்” என்றார் மனைவி.

முதற்குளத்தில் தலையாட்டினார், இல்லை. இரண்டாவதில் முதலை கிடந்தது, நாங்கள் இறங்கவில்லை. மூன்றாவதில் ஒரு ஆச்சி மோர் கொடுத்தா. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு இன்னும் கேட்டா. நாலாவது, எங்கள் குளம். பாறை நின்றது. சுற்றிவரப் பற்றை, பற்றைக்குள் மாடு. கிழவர் படத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், “இது இல்லை” என்றார்.

குளக்கட்டில் இருந்த எங்கள் பெரியமாமா சொன்னார்: “தம்பி, குளம் இதுதான் எண்டு சொல்லு. தண்ணிதான் இல்லை.”

சொன்னேன். எப்போதிருந்து என்று கேட்டார். எனக்குக் கடந்தகாலமும் மறந்துபோயிற்று.

இரண்டாவது விடயம். இந்தக் கனடாப் பிள்ளைகளின் அப்பப்பா அந்த விமானத்தளத்தில் மெக்கானிக். படத்தில் இறக்கைக்குக் கீழே ஸ்பானரோடு நிற்கிறார். பின்னால் விமானிகளின் பெயர் நாலும் இருக்கிறது, அவருடையது இல்லை. ஊர்க்குருவி பருந்தாகாதுதான். பருந்தின் இறக்கையைப் பூட்டியது யாராம்?

மூன்றாவதை இந்தத் தாய்மாருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. போரில் எங்கள்மேல் குண்டு போட்ட விமானத்தின் பெயர் ‘கிபிர்’. அதற்கு எபிரேய மொழியில் சிங்கக்குட்டி என்று பொருள் எனப் பிறகுதான் வாசித்தேன். சத்தம் கேட்டபின் பங்கருக்கு ஓடினால் பிந்திவிடும் என்பதுதான் அப்போது தெரிந்தது. அவற்றை ஓட்டியவர்களும் இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். அவர்களும் எங்கள் குளங்களை மேலிருந்து பார்த்திருப்பார்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். கமநல ஐயா, இப்போது உங்கள் அலுவல்.

வானோடிக்கு வான் என்றால் ஆகாயம். கமக்காரனுக்கு வான் என்றால் குளம் நிரம்பி வழியும் இடம். எங்கள் குளம் வான் பாய்ந்ததை இந்த மண்டபத்தில் கண்டவர்கள் கையை உயர்த்துங்கள். பாருங்கள் ஐயா, ஆறு கை, ஆறும் நரைத்த தலைகள். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது தண்ணி திறந்துவிடும் துருசு இடிந்து கிடந்தது. காட்டுமரம் வேரோடிக் குளக்கட்டைப் பிளந்திருக்கிறது. பாறையடிவரை தூர். குளத்துத் தண்ணியில் செய்யும் சிறுபோகத்தை விடுங்கள், மாரிகாலத்துக் காலபோகத்துக்கே மழையைப் பார்த்து நிற்கிறோம்.

இன்னும் சொல்லலாம், மணி அடித்துவிட்டார். மனு வாசலில், தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் கையெழுத்து, பிறகு தேத்தண்ணி. பேனையைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள், அது வாசிகசாலையுடையது.