டவுட்டன் களத்தில் காற்று செய்த வேலை

அவையோர்க்கு வணக்கம்.

ரோஜாப் போர்கள் என்றதும் வெள்ளை ரோஜாக் கொடியும் சிவப்பு ரோஜாக் கொடியும்தான் கண்முன் வரும். அந்தப் பெயர் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. நடந்தது இங்கிலாந்தில் ஒரு பங்காளிச் சண்டை. அந்நாட்டு மன்னர் மூன்றாம் எட்வர்டின் வழிவந்த லங்காஸ்டர், யார்க் என்ற இரு கிளைகள் 1455 முதல் 1487 வரை ஒரே அரியணைக்காக விட்டுவிட்டு மோதின. அதில் ஒரு பகலை மட்டும் இன்று பார்ப்போம்: 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு.

மூன்று மாதம் முன்பு வேக்ஃபீல்டில் நடந்த போரில் யார்க் கிளையின் தலைவர், யார்க் கோமகன் ரிச்சர்டு, லங்காஸ்டர் படையால் கொல்லப்பட்டார். அவர் தலைக்குக் காகிதக் கிரீடம் சூட்டி யார்க் நகர வாயிலில் குத்தி வைத்தார்கள். அவருடைய மகன் எட்வர்டு, வயது 18, லண்டனில் தன்னை அரசனாக அறிவித்துக்கொண்டு வடக்கே படை நடத்தினான்.

வட இங்கிலாந்தில் டவுட்டன், சாக்ஸ்டன் என்ற இரு ஊர்களுக்கு இடைப்பட்ட மேட்டில் லங்காஸ்டர் படை தெற்கு நோக்கி நின்றது. நல்ல இடம். அசையாமல் நின்று, ஏறி வருகிறவனை அடிப்பதே அவர்கள் திட்டம். ஆனால் பனி பெய்தது. காற்று அவர்கள் முகத்தில் அடித்தது.

யார்க் தூசிப்படையின், அதாவது முன்னணிப் படையின், தலைவர் ஃபாகன்பர்க் பிரபு அதைக் கவனித்தார். வில்லாளிகளை முன்னே நிறுத்தி ஒரு சரம் எய்யச் சொல்லி, உடனே பின்வாங்கச் செய்தார். காற்று தள்ளிய கணைகள் வழக்கத்தைவிடத் தொலைவில் போய் விழுந்தன. லங்காஸ்டர் வில்லாளிகள் பதிலுக்கு எய்தார்கள். எதிர்காற்றில் அவை இலக்குக்கு முன்பே மண்ணில் குத்தின. அம்பு குறைவாக விழுந்தால் வில்லாளி அடுத்ததைத் தூக்கி எய்து சரிசெய்வான். பனி கண்ணை மறைத்ததால் எங்கே விழுகிறது என்பதே தெரியவில்லை. இதுதான் அடிப்படைத் தவறு என்பது என் கருத்து: விளைவைப் பார்க்காமல் எய்துகொண்டே இருந்தார்கள்.

கணக்கையும் பாருங்கள். ஒரு கட்டுக்கு 24 அம்பு. பழகிய கை நிமிடத்துக்குப் பத்து எய்யும். இரண்டரை நிமிடத்தில் ஒரு கட்டு காலி! அவர்கள் அம்பறாத்தூணி வெறுமையானதும் ஃபாகன்பர்க் மறுபடி முன்னே வந்தார். தம் அம்புகளோடு, தரையில் குத்தி நின்ற எதிரியின் அம்புகளையும் பிடுங்கித் திருப்பி எய்தார்கள். சிலவற்றைப் பிடுங்காமலே விட்டார்கள், பாய்ந்து வருகிறவர்களின் கால்களை அவை தடுக்கட்டும் என்று.

நின்று சாவதா, இறங்கி மோதுவதா? லங்காஸ்டர் படை மேட்டைவிட்டு இறங்கியது. கைகலப்பு பல மணி நேரம் நீடித்தது. நெடுநேரம் லங்காஸ்டர் பக்கமே ஓங்கியிருந்தது. பிறகு, தாமதமாக வந்த நார்ஃபோக் கோமகனின் படை அவர்களின் இடப்பக்கத்தில் விழ, வரிசை உடைந்தது. பின்னால் செங்குத்தான சரிவு, அடியில் காக் ஓடை. ஓடியவர்கள் அங்கே நெருக்குண்டு மூழ்கினார்கள். 28,000 பேர் மாண்டதாக அன்றைய கணக்கு. ஆய்வாளர் பலர் அதை மிகை என்கிறார்கள், நானும் அப்படியே கருதுகிறேன்.

1996இல் டவுட்டனில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது ஒரு குழியில் 37 பேருக்குக் குறையாத எலும்புகள் கிடைத்தன. சிலருடைய தோளிலும் முழங்கையிலும் இளமையிலிருந்தே நெடுவில் இழுத்த தடங்கள். வெட்டுகளில் பெரும்பாலானவை தலையில். ஒரே மண்டையோட்டில் எட்டுக்குக் குறையாத காயங்கள். இரும்புத் தொப்பி இருந்திருந்தால் அத்தனை வெட்டு எலும்பைத் தொட்டிருக்காது. ஓடும்போது மூச்சு வாங்க அதைக் கழற்றி எறிந்திருக்கலாம், அல்லது பிடிபட்ட பின் பறிக்கப்பட்டிருக்கலாம்.